பல்வைத்தியரின் ரிவோல்வரும் அம்மாவின் நற்சான்றும்

இந்த நாட்டில் பொலிஸ்காரரிடம் துப்பாக்கி இல்லை, பல்வைத்தியரிடம் இருக்கிறது. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் அச்சுப்பிழை என்று எண்ணிவிடக் கூடாது. நாங்கள் குடியேறிய பாபடோயிட்டோய் என்னும் புறநகரில் எங்கள் தெருமுனையில் ஒரு டெயரி உண்டு. டெயரி என்றால் பால்பண்ணையன்று. பாலும் பாணும் பத்திரிகையும் விற்கும் மூலைக்கடை. அங்கே ‘பை’ எனப்படும் இறைச்சிப் பலகாரம் வாங்கக் காலையில் ஒரு பொலிஸ்காரர் வரிசையில் நிற்பார். அவருடைய இடுப்பில் ஒரு டோர்ச் லைற்றும் ஒரு கைத்தடியும் தொங்கும். துப்பாக்கி இருக்கவேண்டிய இடத்தில் காற்று இருக்கும். மற்ற நாட்டவர்கள் சீருடையைக் கண்டால் முகத்தைப் பார்ப்பார்களாம். எங்கள் கண் முதலில் இடுப்புக்குத்தான் போகும். வந்த புதிதில் நான் அந்த வெற்றிடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்க, ஒருநாள் அவரும் ஏதோ கழன்று விழுந்துவிட்டதாக்கும் என்று குனிந்து தம் இடுப்பைப் பார்த்துக்கொண்டார். அடக்கமாக வளர்க்கப்பட்ட பெண்பிள்ளை செய்யத்தக்க காரியமன்று. பழக்கதோஷம்.

பல்வைத்தியர் கொலின் என்னுடைய முதலாளி. பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் நேரம் போக, பிற்பகல்களில் எப்சத்திலுள்ள அவருடைய கிளினிக்கில் தொலைபேசி எடுப்பது என் வேலை. ‘டொக்டர்’ என்று அழைத்தால் தமக்கே பல் வலிப்பதுபோல் முகஞ்சுளிப்பார். ஆகவே என் தகப்பன் வயதுள்ள மனிதரை வெறும் பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு கைத்துப்பாக்கிக் கழகத்துக்குப் போகிறவர். நோயாளிகள் இல்லாத ஒரு பிற்பகலில், “உங்கள் ஊரில் நீங்கள் எதைச் சுடுவீர்கள்?” என்று கேட்டார். வாத்தா, மானா, காட்டுப்பன்றியா என்பது அவருடைய ஐயம். எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்தறியப் பழகிய மாணவி என்ற முறையில் சற்று யோசித்து, “பெரும்பாலும் எங்களை” என்றேன். கொலின் வாய்விட்டுச் சிரித்தார். இவ்வளவு அமைதியான பெண்ணுக்குள் இத்தனை நகைச்சுவையா என்று வியந்தார். செய்தியாகச் சொன்னதைப் பகடியாகக் கேட்கும் பாக்கியம் செய்த நாடு இது. பரிசாக, வருகிற ஞாயிறு கழகத்துக்கு வரும்படி என்னை அழைத்தார்.

துப்பாக்கிகளோடு எனக்கு முன்பே பழக்கம் உண்டு. ஆனால் அது ஒரு பக்கத்துப் பழக்கம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காலம் முழுவதும் துப்பாக்கியின் வாயை மட்டுமே நான் அறிந்திருந்தேன். சோதனைச்சாவடியில் சைக்கிளை விட்டிறங்கி, அடையாள அட்டையை நீட்டி, அந்தச் சிறிய கரிய வட்டத்தைப் பார்த்தபடியே பெயர் சொல்லுவேன். அதற்கு ஒரு பிடியும் இருக்கிறது, அதை யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார், அவருக்கும் கை வியர்க்கும் என்பதெல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்த விஷயங்கள். எந்த நூலையும் ஒரு முனையிலிருந்து மட்டும் வாசித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்று எங்கள் விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார். அவர் இதை நினைத்துச் சொல்லியிருக்கமாட்டார்.

கழகத்தில் கொலின் என் கையில் வைத்தது நாற்பத்தைந்து கலிபர் ரிவோல்வர். ஆங்கிலப் படங்களில் குதிரைமேல் வருகிற மனிதர்கள் இடுப்பில் செருகியிருப்பார்களே, அந்த வகை. கறுத்த இரும்பு, மரப்பிடி, சின்னவிரல் நுனி நுழையுமளவுக்கு அகன்ற வாய். தானியங்கி என்ற சொல்லையே கேள்விப்படாத ஆயுதம் அது. பக்கத்திலுள்ள சிறு கதவைத் திறந்து, உருளையிலுள்ள அறைகளில் தோட்டாவை ஒவ்வொன்றாக இடவேண்டும். ஆறு அறைகளில் ஐந்தைத்தான் நிரப்புவார்கள். அடிக்கும் சுத்தியலின் கீழே வெறும் அறை இருக்கவேண்டும், தவறி விழுந்தாலும் வெடிக்காதிருக்க. பிறகு ஒவ்வொரு சூட்டுக்கும் முன்பு பெருவிரலால் அந்தச் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். இழுக்காமல் விசையை எத்தனை தரம் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அதாவது ஒவ்வொரு தடவையும், ‘உண்மையாகவே சுடத்தான் போகிறாயா?’ என்று அது கேட்கிறது. நான் அறிந்த துப்பாக்கிகளுக்கு இவ்வளவு மரியாதை தெரியாது.

காதுகளை மூடிக்கொண்டு வரிசையில் நின்றோம். பொறுப்பாளர் ஒருவர் உரத்த குரலில், “எல்லோரும் ஆயத்தமா?” என்று கேட்டார். சுடுவதற்கு முன் எல்லோருடைய வசதியையும் விசாரிக்கும் ஒரு மக்கள்கூட்டத்தை அன்றுதான் கண்டேன். எனக்கு முன்னே இருந்ததோ ஒரு கடதாசி வட்டம். அது யாருடைய பிள்ளையுமன்று. சுத்தியலை இழுத்தேன். உருளை சுழன்று ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. விசையை அழுத்தியதும், பழைய கதவொன்று மூஞ்சியில் அறைந்ததுபோல் சத்தம் வந்தது. பிடி என் உள்ளங்கைக்குள் உருண்டு, குழல் வானத்தைப் பார்த்து எழும்பியது. இறங்கி வரும்போது சுத்தியல் என் பெருவிரலடியில் தானாகவே வந்து நின்றது, அடுத்த கேள்வியோடு. கடதாசியில் துளை எதுவும் இல்லை. “அழகாகச் சுட்டாய்!” என்றார் கொலின். இந்நாட்டில் இந்தச் சொல்லை வினைச்சொல்லுக்காகத் தருகிறார்கள். செயப்படுபொருள் வந்து சேரவேண்டும் என்ற அவசியமில்லை. பிறகு ரொட்டியில் சுருட்டிய சொசேஜ் தந்தார்கள். நான் மறுபடி போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன்.

சில மாதங்களில் கொலினின் மணிக்கட்டு வீங்கியது. ரிவோல்வர் உதைத்த உதையில் நரம்பு பழுதாகிவிட்டது என்று அவருடைய வைத்தியர் சொல்லி, ஒன்று பல் பிடுங்கலாம், அல்லது பெரிய கலிபர் சுடலாம், இரண்டும் ஆகாது என்று தீர்ப்பளித்தார். வீட்டுக்கு மோர்ட்கேஜ் கடன் இருந்தபடியால் கொலின் பல்லைத் தெரிந்தெடுத்தார். “அருமையான கிழவி. நல்ல கைக்குப் போகட்டும்,” என்று கண் கலங்காத குறையாக எனக்கே விற்க முன்வந்தார். தம் மூத்த மகள் அவுஸ்திரேலியாவுக்குப் போன நாளிலும் அவர் இவ்வளவு துக்கப்பட்டதாக நான் அறியேன்.

பழைய ரிவோல்வரை வாங்குவது பெண் பார்ப்பதற்கு மிக அண்மையான காரியம் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். பச்சைத் துணி விரித்து, கிடத்தி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கிறார்கள். நடை சரியா என்று பார்க்கச் சுத்தியலை மெல்ல இழுத்து, உருளை உரிய இடத்தில் நிற்கிறதா, ஆட்டம் உண்டா என்று பரிசோதிக்கிறார்கள். பல் பார்ப்பதுபோல் குழலுக்குள் ஒளி பாய்ச்சி, உள்ளே துருக்குழி இருக்கிறதா என்று ஆராய்கிறார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “முன்பு எத்தனை பேரிடம் இருந்தது?” என்று கேட்கிறார்கள். இது கொலினுக்கு முன்பே இருவர் கைப்பட்டது. குழலின் நுனியில் நிறம் தேய்ந்து இரும்பு வெளுத்திருந்தது. உறைக்குள் போய்வந்து போய்வந்து ஏற்பட்ட தேய்வு என்றார். இதுவரை மூன்று தடவை குடும்பத்தோடு என்னைப் பெண் பார்க்க வந்து, என் நிறத்தையும் நடையையும் பற்றி வீட்டுக்குப் போய் யோசித்தவர்கள்மீது எனக்கு அன்று முதன்முறையாகக் கொஞ்சம் இரக்கம் பிறந்தது. பார்க்கிற பக்கத்தில் இருப்பது எவ்வளவு சுகமானது!

வீட்டில் சொன்னேன். அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்தது காணாதெண்டு, நீ இப்ப காசு குடுத்து வாங்கப் போறியே? உனக்கென்ன விசரே பிள்ளை?”

“இது விளையாட்டு அம்மா.”

“அங்கையும் அவங்கள் விளையாட்டாத்தான் தூக்கினவங்கள்.”

அப்பா பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கொழும்பில் பட்டயக் கணக்காளராக இருந்தவர். இந்த நாடு அவருடைய படிப்புக்கும் அனுபவத்துக்கும் புள்ளி போட்டுக் கூட்டி, போதும் என்று விசா கொடுத்து வரவழைத்து, பென்ரோசில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்க விட்டிருக்கிறது. அன்றிலிருந்து அவர் எதற்கும் அவசரப்பட்டு அபிப்பிராயம் சொல்வதில்லை.

ஆனால் வாங்கும் தீர்மானம் என்னுடையதுமன்று, அம்மாவினுடையதுமன்று. கைத்துப்பாக்கி வைத்திருக்க விரும்புகிறவர் கழகத்தில் மாதக்கணக்காகப் பழகியிருக்கவேண்டும். வீட்டில் தரையோடு பூட்டிய இரும்புப்பெட்டி வேண்டும். அதன் சாவி உரிமம் பெற்றவரைத் தவிர வேறெவர் கைக்கும் போகக் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பொலிஸிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து குடும்பத்தாரைத் தனியே விசாரித்து, இவர் ஆபத்தில்லாதவர், ஆயுதத்தை நம்பிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்யவேண்டும். நான் உண்மையில் விரும்பியது இந்த முடிவைத்தான். ரிவோல்வர் அதற்கு ஒரு சாக்காகவும் இருந்திருக்கலாம். பிறந்த நாட்டு அரசாங்கம் என் பெயரை வாசித்த கணத்திலேயே என்னை ஆபத்து என்று தீர்மானித்திருந்தது. வேறோர் அரசாங்கமாவது என்னை நேரில் பார்த்து, விசாரித்து, ‘இல்லை’ என்று எழுத்தில் தரட்டுமே என்பது என் பேராசை. இல்லையென்று சொல்ல மறுத்தால்? அப்போது முந்தைய அரசாங்கம் சொன்னது சரியாகிவிடும். சிரிப்பாக எழுதினாலும், அந்த வாரம் எனக்கு நித்திரை வரவில்லை.

பொலிஸிலிருந்து வந்தவர் பெயர் ரே. சாதாரண உடை, பெரிய உடம்பு, சிறிய பேனா. வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் பாதி மதிப்பெண் பெற்றுவிட்டார். கொலின் பொருத்தித் தந்த இரும்புப்பெட்டியை ஆட்டிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அம்மாவோடு தனியே கதைக்கவேண்டும் என்றார். நான் குசினிக்குப் போனேன். எங்கள் வீட்டில் குசினிக்கும் விறாந்தைக்கும் இடையில் கதவு இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. அம்மா என்னைச் சேலை உடுக்கச் சொல்லி, நான் மறுத்து, சமரசமாக ஒரு பொட்டோடு முடித்திருந்தோம். தேநீரையும் பயத்தம்பணியாரத்தையும் தட்டத்தில் வைத்துக் கொண்டுபோய்க் குனிந்து கொடுத்தபோதே எனக்கு உறைத்திருக்கவேண்டும், அம்மா எந்தப் பரீட்சைக்குத் தயாராகியிருக்கிறார் என்று.

அம்மாவின் ஆங்கிலம் கன்னியாஸ்திரிகளிடம் கற்ற ஆங்கிலம். நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

“உங்கள் மகள் எப்படிப்பட்டவர்?”

“மிகவும் அமைதியான பிள்ளை. வாயே திறக்கமாட்டாள்.”

“நண்பர்கள்?”

“ஒருவரும் இல்லை,” என்றார் அம்மா பெருமிதத்துடன்.

“வெளியே போவதுண்டா?”

“கம்பஸ், வேலை, வீடு. வீட்டிலும் தன் அறைக்குள்ளேதான். கதவைச் சாத்தினால் சாப்பாட்டுக்குக்கூட நாங்கள்தான் கூப்பிடவேண்டும்.”

“அறைக்குள் என்ன செய்வார்?”

“வாசிப்பாள். துன்பியல் நாடகங்கள். கடைசியில் எல்லோரும் செத்துப்போவார்கள். அதில் இவள்தான் வகுப்பிலேயே முதல்.”

பேனா விரைந்து ஓடும் சத்தம் குசினிவரை கேட்டது.

“கோபம் வருமா?”

“ஒருபோதும் வராது. எதுவானாலும் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். ஒன்றையும் மறக்கவுமாட்டாள்.”

நான் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா சொன்ன ஒவ்வொரு விடையும் வேறு இடங்களில் சோதித்துப் பார்த்த விடை. கலியாணத் தரகருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதே வரிசையில்தான் சொல்லுவார். கொழும்பில் விசாவுக்காக ஒரு வாடகை அறையில் நாங்கள் தங்கியிருந்தபோது, வடக்கிலிருந்து வந்து தங்கும் தமிழரின் பதிவு பார்க்க வந்த பொலிஸாருக்கும் இதையேதான் சொன்னார்: இவளுக்கு யாரையும் தெரியாது, எங்கும் போவதில்லை, யாருடனும் கதைப்பதில்லை, அறைக்குள்ளேயே இருக்கிறாள். அந்த விடைகள்தான் அன்று என்னை வண்டியில் ஏற்றாமல் விட்டன. இரண்டு பரீட்சைகளில் எழுதிப் பழகிய, ஒன்றில் மகளையே காப்பாற்றிய விடைத்தாளை மூன்றாவது பரீட்சையில் மாற்றி எழுத எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? தனிமை, மௌனம், மூடிய கதவு: அங்கே இவை ஒரு பெண்ணின் குற்றமின்மை, இங்கே ஒரு கொலைகாரனின் முன்னுரை.

ரே பேனாவை மூடினார். ஒரு கடி கடித்த பயத்தம்பணியாரத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். “வேறு ஏதும் தேவையென்றால் அறிவிப்போம்,” என்றார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். பாதிப் பலகாரத்தை வைத்துவிட்டு, பிறகு அறிவிப்பதாகச் சொல்லி எழும்புகிறவர்களின் பொருள் என்னவென்று யாழ்ப்பாணத்தில் பெண் பெற்ற எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. குசினிக்குள் வந்தார். கன்னம் சிவந்திருந்தது.

“என்னடி, இந்த மனிசனுக்கு உன்னில என்ன குறையாம்?”

“நீங்கள் சொன்னதெல்லாம் இஞ்ச குறைதான் அம்மா. தனிய இருக்கிறதும், கதைக்காததும், கோவத்தை விழுங்குறதும்தான் இவைக்குப் பயம்.”

“அப்ப வாயாடியளுக்கோ துவக்குக் குடுக்கினம்?”

“ஓம்.”

அம்மா ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். துவக்கு வேண்டாமென்று மூன்று மாதமாகச் சண்டைபிடித்தவர், இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், வென்றுவிடுவார். ஆனால் தம் பிள்ளையை ஒருவன் பார்த்துவிட்டு வேண்டாமென்று போவதாவது! முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

“தம்பி, இருங்கோ!” என்று தமிழிலேயே கத்தினார். ஒரு சப்பாத்தை மாட்டியிருந்த ரே, தொனியைப் புரிந்துகொண்டு மறுபடி கழற்றினார்.

பிறகு அம்மா என் குறைகளைச் சொல்லத் தொடங்கினார். இருபத்திரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த சரக்கு. பெரிய வாய்க்காரி என்றார். கறியில் உப்புக் கூடினால் முகத்துக்கு நேரே சொல்லுவாளாம். நாளொன்றுக்கு ஒரு சண்டையில்லாமல் நித்திரைக்குப் போகமாட்டாளாம். பக்கத்து வீட்டுச் சமோவாப் பெண் சினாவோடு வேலியடியில் நின்று மணிக்கணக்காகச் சிரிப்பதால், எங்கள் வீட்டுச் சங்கதியெல்லாம் தெருவுக்குத் தெரிந்துவிட்டதாம். சாதகத்தை எடுத்தால் கிழித்தெறிவேன் என்று சொன்னவளாம். ரே மெல்ல உட்கார்ந்தார். மீதிப் பலகாரத்தை எடுத்தார். “அப்படியானால் நண்பர்கள் உண்டு,” என்றார். “வீட்டுக்கு அடங்காத அளவுக்கு உண்டு,” என்றார் அம்மா.

“உங்களுக்கு இதில் சம்மதமா?”

“இல்லை,” என்றார் அம்மா. சிறிது நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். “இங்கே நவம்பரில் வெடி கொளுத்துவீர்கள். வந்த முதல் வருடம் இவள் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள். நானும் போனேன். அடுத்த வருடமும் போனோம். மேசை சிறியது, இரண்டு பேருக்குக் காணாது. இந்த வருடம் நான் மட்டும்தான் போனேன். இவள் ஜன்னலடியில் நின்று, ‘அது தூரத்தில் அம்மா, வெளியே வாருங்கள்’ என்றாள்.”

ரே இதை எழுதவில்லை. அந்த மேசையைப் பற்றி எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கதைத்ததில்லை. கொலினிடம் ‘குறி பார்க்கும் ஒழுக்கம்’ என்றும், அப்பாவிடம் ‘பொழுதுபோக்கு’ என்றும், உங்களிடம் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் வேறு பல விதமாகவும் நான் சொல்லிவந்த காரணங்களையெல்லாம் அம்மா தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, உள்ளதைச் சொல்லிவிட்டார். தேநீர்க் கோப்பைகளைக் கழுவும் பாவனையில் நான் நீண்டநேரம் குழாயைத் திறந்துவைத்திருந்தேன்.

அனுமதி தபாலில் வந்தது. ஆயுதம் வைத்திருக்கத் தகுதியும் பொருத்தமும் உள்ளவள் என்று இந்நாடு என்னைக் கண்டுபிடித்துவிட்டது. அப்பா கண்ணாடியை உயர்த்தி இரண்டு தரம் வாசித்தார். “கணக்குப் பார்க்க எனக்குத் தகுதி காணாது. துவக்கு வைச்சிருக்க உனக்குக் காணும். நல்ல நாடு,” என்று சொல்லிவிட்டு, பென்ரோசுக்குப் போகச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார்.

ரிவோல்வர் என்னுடையதான முதல் ஞாயிறு, கொலின் மணிக்கட்டில் பட்டியோடு பின்னால் நின்று, முன்னாள் கணவர்கள் நிற்கும் சங்கடத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து இட்டேன், ஒன்றை வெறுமையாக விட்டேன். ‘எல்லோரும் ஆயத்தமா?’ வந்தது. பெருவிரல் இழுக்க, அது வழக்கமான கேள்வியைக் கேட்டது. இம்முறை கடதாசியில் ஒரு துளை விழுந்தது. நடுவிலன்று, ஓரத்தில். புலம்பெயர்ந்தவளுக்கு அது பொருத்தமான இடந்தான் என்று ஏற்றுக்கொண்டேன். கொலின், “அழகு!” என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தத்துக்கு என் கண் இமைத்ததா என்று எனக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். இமைத்தது, ஆனால் திறந்தது.

வீட்டுக்கு வந்து ரிவோல்வரைத் துடைத்து இரும்புப்பெட்டியில் வைக்கும்போது அம்மா பின்னால் வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் உறையிலிட்ட காணி உறுதிப்பத்திரம். எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டினுடையது. வீடு இப்போது முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம், படையினரின் பாவனையில் இருக்கிறது. அலுமாரியில் கிடந்தால் பூச்சி அரிக்கும், நல்ல இரும்புப்பெட்டி சும்மாதானே கிடக்கிறது என்றார். வைத்தேன். அந்தப் பெட்டியைப் பற்றி அம்மா சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

போன கிழமை வந்து, “சாவியைத் தா பிள்ளை, உறுதியை ஒருக்காப் பாக்கோணும்,” என்றார்.

“சாவி தர ஏலாது அம்மா. சட்டம். நான்தான் திறக்கவேணும்.”

“அப்ப என்ரை வீட்டை நான் பாக்கிறதெண்டால்?”

“என்னைக் கேக்கவேணும்.”

“நல்லாயிருக்கு. அங்கை ஆமியைக் கேக்கோணும், இஞ்சை உன்னைக் கேக்கோணும்.”

திறந்தேன். அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து உறுதியை விரித்து, எல்லைகளை உரக்க வாசித்தார்: வடக்கே ஒழுங்கை, கிழக்கே பங்குக் கிணறு, தெற்கே மாமாவின் காணி. திறந்த பெட்டிக்குள் ரிவோல்வர் சுவரைப் பார்த்துக் கிடந்தது. சட்டப்படி நான் விலகிப் போகக் கூடாது. அம்மா மேற்கெல்லையை வாசித்து முடிக்கும்வரை, கையில் சாவியோடு, பெட்டிக்கும் அவருக்கும் நடுவே காவல் நின்றேன்.